ஒயர் போகாத பிளக்

எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. மெக்கானிக்குக்கு அது நல்லதா கெட்டதா என்று கேட்டால், கொடுமுடிப் பக்கத்து வயல் ஒன்றைத்தான் சொல்வேன்.

வயல் ஓர் அம்மாவுடையது. பாதி நெல் அறுத்திருந்தபோது அறுவடை இயந்திரம் நின்றுவிட்டது. கிளப்பினால் ஓடும், இருபதடி போனதும் திரையில் தொடர்பு இல்லை என்று காட்டி நின்றுவிடும். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்து சாய்ந்தால் நெல் முளைவிட்டுவிடும். "ஏனுங்க, மழைக்கு முந்தி முடிஞ்சிருங்களா?" என்று அந்த அம்மா வரப்பிலிருந்து மூன்றாம் முறையாகக் கேட்டார்.

கோபத்தை டிரைவர் மேல் காட்டினேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "ஒயருக்குள்ள தண்ணி உட்டுக் கழுவிப்போட்டு, சும்மா நிக்கறீங்களேண்ணா!" அவர் வாய் திறக்குமுன் அடுத்த வசவு. அந்த அம்மாவிடமும், "எல்லாம் இவரு செஞ்ச வேலைங்க" என்றேன்.

இந்தக் காலத்து வண்டியில் இன்ஜின், கத்தி, திரை எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டே ஒயர்களில்தான். அவற்றின் இரு முனையிலும் ஒரு ரெசிஸ்டர், அதாவது சின்ன மின்தடை, வேண்டும். இல்லாவிட்டால் போன சேதி முனையில் மோதித் திரும்பி, அடுத்த சேதியைக் குழப்பிவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தேன். இரண்டும் இருந்தால் அறுபது ஓம் காட்டும்; நூற்றிருபது காட்டியது. ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. போன வாரம் கோயம்புத்தூர் கணபதியில் உள்ள என் பட்டறையில்தான் இதற்கு சர்வீஸ். பின்பக்கம் ஒரு பிளக்; அதிலிருந்து ஒயர் எங்கும் போகவில்லை. "இது எதுக்குங்க?" என்று டிரைவர் கேட்டார். எனக்கு அவசரம். "ஒயரே போகாத பிளக் எதுக்குங்ணா? குப்பை" என்று பிடுங்கிப் போட்டு, அந்த இடத்தை டேப் சுற்றி அடைத்தேன். ரெசிஸ்டர் அதற்குள்தான் இருக்கிறதா என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. பட்டறை வாசலில் வண்டி நன்றாகத்தான் ஓடியது.

பிளக்குக்காகக் கோயம்புத்தூர் போய்வர ஐந்து மணி நேரமாகும். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் சீட்டுக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே அதே பிளக்.

"இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமுல்லீங்ணா!"

"நீங்க பேச உட்டீங்களா, தம்பி?"

மாட்டினேன். மீட்டர் அறுபது காட்டியது. வண்டி இருபதடி தாண்டியும் நிற்கவில்லை. ஓடிப்போய் அந்த அம்மாவிடம், "தப்பு எம்மேலதானுங்க, அவரு மேல இல்லீங்க" என்றேன்.

அந்த அம்மா வண்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அதை அவருகிட்டச் சொல்லுங்க" என்றார்.

கடைசிச் சுற்று முடித்து டிரைவர் இறங்கி வரும்வரை, தூறலில், வரப்பிலேயே நின்றேன்.