ஒரே கைப்பிடி

1982 கோடையில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. திருவண்ணாமலையைச் சுற்றியிருந்த மில்காரர்கள் ஒவ்வொருவராக ஜெனரேட்டர் வாங்கினார்கள். அவற்றில் ஏழுக்கு இணைப்புக் கொடுத்தவர் உரிமம் பெற்ற வயர்மேன் ஜியாவுல்லா. தேரடித் தெருவில் கடை வைத்திருந்தார். வெளியிலிருந்து வரும் லைனுக்கு ஒரு சுவிட்ச், ஜெனரேட்டருக்கு ஒரு சுவிட்ச் வைப்பார். முதலாவதை அணைத்த பிறகே இரண்டாவதைப் போட வேண்டும். அதைச் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியும் வைப்பார்.

ஒருநாள் காலை பத்து மணிக்குக் கீழ்பென்னாத்தூரில் ராஜேந்திரனின் எண்ணெய் மில்லுக்கு டீசல் கசிவைப் பார்க்கப் போனார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுவிட்ச் பலகையைப் பார்த்தார். இரண்டு சுவிட்சுகளும் போடப்பட்டிருந்தன. அப்படியானால் மில்லின் மின்சாரம் வெளியே போகிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, பதினோராயிரம் வோல்ட்டாகக் கம்பியில் நிற்கிறது.

ஜன்னலுக்கு வெளியே கம்பத்தின் மேல் லைன்மேன் தருமன் இருந்தார். ஊருக்கு வெளியே லைனை நிறுத்திவிட்டு வந்த தைரியத்தில் கம்பியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தருமா, தொடாத!"

கத்திக்கொண்டே ஜியாவுல்லா சுவிட்சை இழுத்தார். அதற்குள் வெளியே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

தருமன் உயிர் பிழைத்தார். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. லைனைச் சரியாக நிறுத்தாமல் ஏறிவிட்டார் என்று பேச்சுக் கிளம்பியது. மின்வாரிய விசாரணையிலும் அப்படியே முடிவானால் அவருக்கு வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை.

விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது ராஜேந்திரன் கடைக்கு வந்தார்.

"பாய், நீங்க சுவிட்ச இழுத்தத யாரும் பாக்கல. கம்முனு இருந்துடுங்க. ரெண்டு பேருக்கும் நல்லது."

அன்றிரவு ஜியாவுல்லா மனைவி வஜீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"லைசென்ஸ் போச்சுன்னா என்னங்க பண்றது?"

"தெரியல. பெரிய ஆலைங்கள்ல ஒரே கைப்பிடி சுவிட்சுதான் வச்சிருக்காங்க. ரெண்டும் ஒண்ணா விழவே விழாது. வெல ஜாஸ்தின்னு மில்காரங்க வேணாம்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

வஜீதா, "அந்தாளு வீட்லயும் அடுப்பு எரியணும் இல்ல. போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

அவர் விசாரணையில் போய் நடந்ததைச் சொன்னார். தருமன் மீது தவறில்லை என்று முடிவாகி, அவருக்குத் துணைமின்நிலையத்தில் லைன்மேன்களை வேலைக்கு அனுப்பும் தொலைபேசி வேலை கிடைத்தது. ஜியாவுல்லாவின் உரிமத்தை ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள்.

அந்த ஒரு வருடமும் அவர் ஒரு லேத் பட்டறையில் உட்கார்ந்து, சின்ன மில்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் ஒற்றைக் கைப்பிடி சுவிட்ச் ஒன்றைச் செய்தார். மேலே தள்ளினால் லைன், கீழே இழுத்தால் ஜெனரேட்டர், நடுவில் நின்றால் இரண்டும் இல்லை. அப்போது சென்னையில் ஒரு குழு, தனியார் ஜெனரேட்டர்களை இணைப்பதற்கான விதிகளை எழுதிக்கொண்டிருந்தது. அதன் வரைவில் 'தனித்தனி சுவிட்சுகள்' என்றுதான் இருந்தது. அது போதாது என்று ஜியாவுல்லா நடந்ததை எழுதி அனுப்பினார். நேரில் வரச் சொன்னார்கள்.

பையிலிருந்து சுவிட்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். குழுவின் தலைவர், பொறியாளர் கைலாசநாதன், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜாக்கிரதையான ஆள் இருந்தா ரெண்டு சுவிட்சே போதுமே?"

"நான் ஜாக்கிரதையான ஆளுதாங்க சார். அன்னிக்கு அந்த ரூம்லதான் நின்னுக்கினு இருந்தேன்."

கைலாசநாதன் கைப்பிடியை மேலும் கீழும் பலமுறை தள்ளிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேரவைக்க அவரால் முடியவில்லை. வரைவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

புதிய விதி வந்தபோது அதில் ஜியாவுல்லாவின் பெயர் இல்லை. அவர் அதைத் தேடவும் இல்லை. உரிமம் திரும்பக் கிடைத்ததும் ஏழு மில்களுக்கும் போய்த் தன் பழைய பலகைகளைக் கழற்றி, ஒற்றைக் கைப்பிடி சுவிட்சை மாட்டினார். ராஜேந்திரன் மட்டும் கதவைத் திறக்க இரண்டு மாதம் இழுத்தடித்தார்.

விபத்துக்குப் பிறகு தருமன் ஜியாவுல்லாவோடு மறுபடி பேசியது 1986இல்தான். வேட்டவலம் பக்கம் ஒரு புது மில் வந்திருந்தது.

"நாளைக்கு நம்ம பசங்க அங்க கம்பம் ஏறணும். அந்த மில் சுவிட்ச நீ ஒரு தரம் பாத்துட்டு வந்து சொல்லு. அப்புறம் அனுப்புறேன்" என்று தொலைபேசியில் சொன்னார்.

ஜியாவுல்லா உடனே சைக்கிளை எடுத்தார்.