பன்னிரண்டு போன், ஒரே டெஸ்டர்

1. ஆப் காணாமல் போன காலை

"அக்கா, எங்க நைனா காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல. ஆப்பு காணாம பூட்ச்சி."

ரேவதி என்ற பெண் முதல் முதலாக என்னை அழைத்தபோது சொன்னது இதுதான். பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது. நாகலாபுரத்திலிருந்து ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் இருந்தாள்.

நான் திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டு மாடி ஒன்றில் இருக்கும் சின்ன கம்பெனியில் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். ஆப் செய்கிற சின்ன ஆட்களுக்கு டெவலப்பர் அக்கவுண்ட் ரிஜிஸ்டர் செய்து கொடுப்போம், ஆப்பை ஸ்டோரில் ஏற்றுவோம், இன்ஸ்டால் ஆகாவிட்டால் எந்த செட்டிங் தகராறு செய்கிறது என்று தேடுவோம். பத்து வருஷத்துக்கு மேல் இந்தப் பிழைப்புதான். ஆப்பைக் காணோம் என்று தினம் நாலு பேராவது கூப்பிடுவார்கள். ஆப்பைக் காணாததால் ஒரு மனிதர் சாப்பிடவில்லை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

பதறாமல் சொல்லச் சொன்னேன். அவளுடைய அப்பா முனிரத்தினம் சித்தூர்ப் பக்கம் மாங்காய் மண்டியில் ஏலம் கூவுகிறவராக இருந்தவர். சீசனில் அவர் குரல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்குமாம். பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. புத்தி தெளிவு, காது தெளிவு, வலது கையும் வேலை செய்கிறது. வாய் மட்டும் வரவில்லை.

ரேவதி தொழிற்சாலையில் போன்களைச் சோதித்துப் பார்க்கும் லைனில் இருக்கிறாள். யூடியூப் பார்த்து ஒரு ஆப் செய்தாள். சொம்பு படத்தைத் தொட்டால் போன் தண்ணீர் கேட்கும், தட்டைத் தொட்டால் சோறு கேட்கும். முதலில் போனில் இருக்கும் மெஷின் குரலைப் போட்டாள். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று அது செய்தி வாசித்ததும் பெரியவர் போனைத் தூக்கி அடித்துவிட்டார்.

அப்புறம்தான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஷிப்டில் இருக்கும் மகளுக்கு அவர் தினம் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது வழக்கம். துன்னியா, பஸ் ஏறிட்டியா, தண்ணி வரல, மழை வந்துகினு இருக்குது, குடை எட்த்துகினு போனியா. எல்லாம் அவள் போனில் அப்படியே இருந்தது. அதிலிருந்து வார்த்தைகளை வெட்டி ஒவ்வொரு படத்துக்கும் வைத்தாள். தன் குரலைத் தானே கேட்ட அன்று மனிதர் அழுதுவிட்டு, பிறகு இரண்டு தடவை சோறு கேட்டாராம்.

அந்த ஆப்தான் காணாமல் போயிருந்தது.

2. தற்காலிக வைத்தியம்

காரணம் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. ஸ்டோரில் இல்லாத ஆப்பை நேராக போனில் போட்டிருந்தாள். போனில் இருக்கும் பாதுகாப்பு ஸ்கேன், ஊர் பேர் தெரியாத ஆப் என்று அதைத் தூக்கிவிட்டது. திரும்பப் போட்டால் சில நாள் இருக்கும், மறுபடி போய்விடும். ஸ்கேன் செட்டிங்கை அணைத்து வைக்கலாம். ஆனால் அதே போனுக்குத்தான் அவருடைய பேங்க் ஓடிபியும் வருகிறது. வீட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"முறையா ஸ்டோர்ல ஏத்திடலாம்மா. அப்போ யாரும் தூக்க மாட்டாங்க" என்றேன்.

டெவலப்பர் அக்கவுண்ட் ரிஜிஸ்டர் செய்தோம். அடையாளச் சரிபார்ப்பு ஒரு தடவை திரும்பி வந்தது. டியூப் லைட்டுக்கு அடியில் கார்டைப் படம் எடுத்ததில் பாதி எழுத்து வெளிச்சத்தில் கரைந்திருந்தது. ஜன்னல் பக்கம் வைத்து எடுத்ததும் சரியாகிவிட்டது. அடுத்து டெஸ்டிங். புது ஆள் ஆப் போட்டால், பன்னிரண்டு பேர் இரண்டு வாரம் விடாமல் டெஸ்டர்களாக இருக்க வேண்டும் என்று ஸ்டோரில் விதி.

"பஸ்ல எங்க கேங்கே இருக்குதுக்கா" என்று சிரித்தாள் ரேவதி. டெஸ்டர் குரூப்புக்கான லிங்க்கை அவர்களுக்கு அனுப்பினாள். எல்லாரும் இன்ஸ்டால் செய்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து விண்ணப்பித்தால், டெஸ்டர் போதாது என்று நிராகரித்துவிட்டது.

ஆப்பின் கணக்கெல்லாம் தெரியும் கன்சோலைத் திறந்து பார்த்தேன். டெஸ்டர்: ஒன்று.

3. செட்டிங்கில் தப்பில்லை

எனக்கு எரர் மெசேஜ்கள் மீது எப்போதுமே கோபம் உண்டு. எது இல்லை என்று சொல்லும், ஏன் இல்லை என்று சொல்லாது. நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்திருக்கிறதா, சரிபார்த்தேன். ஆப் வெர்ஷன் சரி. குரூப் திறந்திருந்தது. பன்னிரண்டு பேரும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஆப் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஒருத்தியைத் தவிர எல்லாருக்கும் லிங்க்கைத் தொட்டதுமே 'நீங்கள் ஏற்கெனவே டெஸ்டர்' என்று வந்ததாம். சுலபமாக வேலை முடிந்தது என்று அவர்களுக்குச் சந்தோஷம். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

எங்கள் மேனேஜர் சித்தூர்க்காரர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். "மேடம், டிக்கெட் க்ளோஸ் சேயண்டி. செட்டிங் சரியா இருந்தா மன பனி அயிபோயிந்தி. டெஸ்டர் பிடிக்கிறது கஸ்டமர் வேலை" என்றார்.

டிக்கெட் என்பது கஸ்டமரின் புகார்ப் பதிவு; நம் வேலை முடிந்தது, அதை மூடு என்கிறார். அவர் சொன்னதில் தப்பில்லை. அன்று சாயந்திரம் ரேவதி மறுபடி அழைத்தாள். குரலில் சிரிப்பு இல்லை.

"வுட்டுடலாமாக்கா? எத்தினி தபா போட்டாலும் ஆப்பு பூடுது. இப்ப நைனா போனத் தொட மாட்டேங்கிறாரு. கண்ணத் தெறந்துகினே படுத்துகினு இருக்காரு. வாய்க்கு நேரா ஸ்பூன் எடுத்துகினு போனாத்தான் துன்றாரு. கேக்க முடியாத மனுசன் எதுக்குத் துன்னணும்னு நெனக்கிறாரோ இன்னாவோ."

மேனேஜரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை என் சொந்த வேலையாக நாகலாபுரம் போகிறேன், திங்கட்கிழமை வரை டிக்கெட்டை மூட வேண்டாம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "போய் ரண்டி" என்றார். போய் வரச் சொல்லிவிட்டார், அது போதும்.

4. பிள்ளையார் படம்

ரேவதி வீட்டுக் கூடத்தில் கட்டிலில் முனிரத்தினம் படுத்திருந்தார். நான் திருப்பதியிலிருந்து வந்த ஆப் மேடம் என்று மகள் சொன்னதும், தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து என் பக்கம் நீட்டினார். ஸ்கிரீனில் ஆப் இருந்த காலி இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். பிறகு போனைத் திரும்ப அடியில் வைத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டார். புகார் கொடுக்கும் கஸ்டமர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி ஒரு புகாரைப் பார்த்ததில்லை.

பஸ் கேங் வந்து தரையில் வட்டமாக உட்கார்ந்தது. ஒவ்வொரு போனாக வாங்கி, ஸ்டோரைத் திறந்து, மேலே மூலையில் இருக்கும் வட்டத்தைப் பார்த்தேன். அக்கவுண்ட் யாருடையது என்று அங்கேதான் தெரியும். முதல் போனில் காணிப்பாக்கம் பிள்ளையார் படம். இரண்டாவதிலும் அதே பிள்ளையார். மூன்றாவதிலும் பிள்ளையாரைப் பார்த்ததும் அந்த அம்மாளிடம் கேட்டேன், "நீங்களும் காணிப்பாக்கம் போற ஆளா?"

"இல்லக்கா. போன் வாங்கசொல்லவே அது இருந்துச்சி."

பன்னிரண்டு போனிலும் அதே பிள்ளையார், அதே மெயில் ஐடி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையின் ஐடி. போனை அங்கே வாங்கியிருக்கிறார்கள், கடைக்காரர் தன் ஐடியைப் போட்டே எல்லாருக்கும் செட் செய்து கொடுத்திருக்கிறார். ரேவதி மட்டும் காலேஜில் படித்தபோதே சொந்தமாக ஒன்று வைத்திருந்ததால் அவளுக்கு இது தெரியவே இல்லை. ஸ்டோருக்கு போன் கணக்கு கிடையாது, அக்கவுண்ட் கணக்குதான். பன்னிரண்டு பெண்களும் அதன் கண்ணுக்கு ஒரே ஆள்.

நான் இதையும், ஒருத்தி பதிந்த நம்பர் எல்லார் போனுக்கும் போய்விடும் என்பதையும் சொன்னதும் கூடமே கலகலத்தது. "அதான் என் போன்ல அத்தைன்னு ஆறு நம்பர் கீது!" என்றாள் செல்வி என்பவள். "ஒரு மாசமா வேற யாரு அத்தையையோ கூப்ட்டு நல்லா கீறீங்களான்னு கேட்டுகினு இருந்தன். அந்தம்மா ரொம்ப ஆசையாப் பேசிச்சி. இன்னாடா நம்ம அத்த இப்டி மாறிப்போச்சேன்னு நெனச்சன்."

"அது எங்க அத்த!" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "எங்கிட்ட மட்டும் அது அப்டிப் பேசாது."

கட்டில் பக்கம் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். முனிரத்தினத்தின் முதுகு குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

5. கடைக்காரர் பாபு

கடைக்குப் போகும்போது நான் நல்ல கோபத்தில் இருந்தேன். பாபு நாற்பது வயதுக்காரர். நான் கேட்டதும் மறைக்கவில்லை.

"பாஸ்வேர்டு மறந்துட்டன்னு வந்து நிப்பாங்க மேடம். போனு லாக் ஆயிடும். புள்ள போட்டோ எல்லாம் உள்ள மாட்டிகிச்சின்னு ஒரு அம்மா இங்கயே உக்காந்து அழுதுச்சி. என்னால தெறக்க முடியல. அன்னையிலேர்ந்து எல்லாத்துக்கும் என் ஐடிதான். எப்ப வந்தாலும் நான் தெறந்து குடுத்துடுவன்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தப்பான வேலைதான். யாருடைய படமும் யாருக்கும் போய்ச் சேரலாம். ஆனால் அந்த மனிதர் ஒருத்தியின் அழுகைக்கு அவருக்குத் தெரிந்த செட்டிங்கைப் போட்டிருக்கிறார். அபாயத்தை எடுத்துச் சொன்னேன். பாபு கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு எங்களோடு வந்துவிட்டார்.

பழைய அக்கவுண்ட்டை உடனே எடுக்கவில்லை, போட்டோக்கள் அதில் இருந்தன. அதன் பக்கத்தில் ஒவ்வொருத்திக்கும் சொந்தமாக இன்னொன்று திறந்தோம். ஓடிபி அவரவர் நம்பருக்கு வந்தது. ஸ்டோரில் புது அக்கவுண்ட்டுக்கு மாற்றி, லிங்க்கைத் திரும்பத் தொடச் சொன்னோம்.

கொஞ்சம் வயசான ஒருத்தி பெயர் கேட்கும் இடத்தில் நின்றுவிட்டாள். "இங்க எங்க ஊட்டுக்காரர் பேரா போடணும்?"

"உங்க பேருதாம்மா. உங்களுடையது இது."

கேஸ், ரேஷன், கரண்டு எல்லாம் அவர் பேரில்தானாம். ஒற்றை விரலால் தன் பெயரை அடித்து, சரியா என்று எல்லாரிடமும் காட்டினாள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

இந்தத் தடவை இரண்டு வாரமும் ஆப்பைக் கண்ணில் வைத்துக் காத்தார்கள். போனில் இடம் போதவில்லை என்று ஒருத்தியின் கணவர் அதை எடுக்கப் பார்த்தாராம். "அதுல கைய வெச்சினா ராத்திரிக்கு சோறு கெடையாது" என்றாளாம். கன்சோலில் பன்னிரண்டு என்ற எண் ஒரு நாளும் இறங்கவில்லை. விண்ணப்பம் பாஸ் ஆயிற்று. ஆப் ஸ்டோருக்கு வந்தது, பெரியவர் போனில் முறையாக இறங்கியது, ஸ்கேன் அதைத் தொடவில்லை.

6. இப்போது நான் முதலில் கேட்பது

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் செக்லிஸ்ட் கேட்பார்கள். ரிஜிஸ்ட்ரேஷன், வெர்ஷன், பர்மிஷன், ரீஜன் என்று வழக்கமான எல்லாவற்றையும் சொல்லித் தருவேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியையும் சேர்த்துச் சொல்வேன்: "இந்த போனை உங்களுக்கு யார் செட் பண்ணிக் கொடுத்தாங்க?" பாதி எரர் அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும். கிடைத்ததும் அந்த ஆளைத் திட்டக் கிளம்பாதீர்கள், அவர் எதற்காக அப்படிச் செய்தார் என்றும் கேளுங்கள். டிக்கெட்டில் அதெல்லாம் எழுதியிருக்காது. நேரில் போக முடிந்தால் போய்விடுங்கள்.

ஆப் வந்த அந்த வாரத்தில் ஒரு மதியம், மூன்று மணி தாண்டியும் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் யாருடைய எரரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ரேவதி நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஹலோ என்றேன், பதில் இல்லை. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு ஒரு விரல் ஸ்கிரீனைத் தட்டும் சத்தம், அதை அடுத்து மண்டியையே எழுப்பக்கூடிய ஒரு குரல் காதில் இறங்கியது.

"இன்னாம்மா, துன்னியா?"

புத்தூரில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆபீஸில் பல வருஷமாகப் பேசாத அந்த ஊர்ப் பேச்சு தானாக வாயில் வந்தது. "துன்னுகினே கீறன் நைனா" என்று சொல்லிவிட்டு, டப்பாவைத் திறந்தேன்.