அறுபத்தொன்றில் ஆள் இருக்கார்

அப்பாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, நீச்சல் குளத்தின் டிக்கெட் சேவையைப் புதுப்பித்தது. அன்று தண்ணீர் மாற்றும் நாள். குளம் காலி. மோட்டார் அறைக்குப் பின்னால் அப்பாவின் அறை. அங்கே இருந்தது ஒரே நாற்காலி, அதில் அவர் உட்கார்ந்தார். நான் கவிழ்த்த வாளியின் மேல்.

குளத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எனக்கும் வேறிடத்தில் அதே வேலைதான். லீவில் வீட்டுக்கு வந்தால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். உதவிக்கு அல்ல, வேடிக்கை பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக.

குளத்தில் மூன்று சேவைகள் ஓடின. வாசலில் டிக்கெட், குளோரின் அளவைக் காட்டும் பலகை, துணி மாற்றும் இடத்து லாக்கர்கள். ஒவ்வொன்றும் ஒரு கன்டெய்னர். அதாவது, ஒரு நிரல் தனக்கு வேண்டியதை எல்லாம் கட்டிக்கொண்டு குடியிருக்கும் பெட்டி. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைத் திறந்து யாரும் ரிப்பேர் பார்ப்பதில்லை. புதுப் பதிப்பை இறக்குவோம், அதிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை எழுப்புவோம், பழையதைத் தூக்கிப் போடுவோம். பழைய பெட்டி தன் நினைவில் வைத்திருந்தது அதோடு போய்விடும்.

அப்பா இதைக் கறுப்புத் திரையில், கட்டளைகளைத் தட்டித்தான் செய்வார். மவுஸ் இருக்கும் மேசையில் வேலை நடக்காது என்பது அவர் கட்சி. பழைய பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் புதியதை எழுப்புவார். அது பதில் சொல்கிறதா என்று கேட்பார். இன்னொரு தடவை கேட்பார். பிறகு வாசலைப் புதியதன் பக்கம் திருப்பிவிட்டு, அப்புறம்தான் பழையதை நிறுத்துவார்.

“புதுசு வாயைத் திறக்காம பழசை அனுப்பக் கூடாதும்மா,” என்றார், நான் கேட்காமலே.

டிக்கெட் சேவை முடிந்தது. இந்த வேலைகளுக்கான கட்டளைகளை வரிசையாகக் கோத்து அவரே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். எல்லாம் சரியாக நடந்தால் திரையில் ஒரு வரி வரும்: முடிஞ்சது. போய் டீ குடி.

அடுத்து லாக்கர். கட்டளையைத் தட்டினார். வேறொரு வரி வந்தது: 61-ல ஆள் இருக்கார். பொறு.

குளத்தில் தண்ணீர்கூட இல்லையே, ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டேன். லாக்கரைத் திறக்கும் கைப்பட்டையை யாரோ தொலைத்துவிட்டார், லாக்கர் பூட்டியபடியே இருக்கிறது, அவர் வரட்டும் என்றார். ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சோதனை வரியை ஸ்கிரிப்ட்டில் இருந்து எடுத்துவிட்டால் போதுமே என்றேன்.

“உனக்கு வேலை குடுத்தவங்க பாவம்மா,” என்றார்.

அறையைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

வீட்டிலும் அவர் இப்படித்தான். புதுக் கெட்டில் வாங்கினால் பழைய கெட்டிலும் அடுப்படியில் பல நாள் இருக்கும். இரண்டிலும் தண்ணீர் கொதிக்கும். புதுச் செருப்பை ஒரு காலில் போடுவார், பழையதை இன்னொரு காலில். கடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு அடுத்த காலுக்கு மாற்றுவார். தெருவில் யாராவது காலைப் பார்த்தால், சோதனை ஓட்டம் என்பார். என்னை மட்டும் இவர் மாத்தலை, பக்கத்துல இன்னொருத்தியை வெச்சுப் பார்க்க வீட்ல இடமில்லை, என்று அம்மா விருந்தாளிகளிடம் சொல்வாள். அப்பா மறுக்க மாட்டார். இடப் பிரச்சினைதான் என்பார்.

லாக்கர் விஷயத்தில் மட்டும் இந்த இரட்டை ஓட்டம் செல்லாது. ஒரே கதவுக்கு இரண்டு பெட்டிகள் உத்தரவு போட முடியாதல்லவா? பழையதை நிறுத்திவிட்டுத்தான் புதியதை எழுப்ப வேண்டும். எந்த லாக்கர் யாரிடம் இருக்கிறது என்ற கணக்கைப் பழைய பெட்டி தன் நினைவிலேயே வைத்திருந்தது. புதியது எழும்போது அதற்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் காலி என்று நினைத்து எல்லாக் கதவையும் திறந்துவிடும்.

இது அவருக்குத் தெரிய வந்தது ஒரு பட்டப்பகலில். வேலைக்குச் சேர்ந்த புதிது. யாரும் இல்லை என்று நினைத்துப் புதுப்பித்தார். குளத்தில் பெண்களின் தண்ணீர்ப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. பைகள் விழுந்தன. ஒரு லாக்கரில் இருந்து அத்தையின் சவுரி உருண்டு வந்து நடைபாதையின் நடுவில் நின்றது. அத்தை என்றால் அப்பாவின் சொந்தத் தங்கை. அவள் சவுரி வைக்கிறாள் என்பது அதுவரை அவள் கணவருக்கே தெரியாது. உயிர்காப்பாளர் அதை எலி என்று நினைத்துத் துடைப்பத்தால் அடித்தார். ரொம்ப நேரம் அடித்தார்.

அன்றிலிருந்து குளத்தில் அப்பாவின் பெயர் பூட்டு. அத்தை அதற்கு மேலும் ஒன்று வைத்தாள், திறந்தவெளி. எந்த வீட்டுக்குப் போனாலும், அண்ணா, கதவைச் சாத்திட்டுத்தானே வந்தே, என்று கேட்பாள்.

அப்பா அதற்கப்புறம் இரண்டு காரியம் செய்தார். எந்த லாக்கரையும் வெளியில் இருந்து திறக்கும் கட்டளையை நிரலில் இருந்தே எடுத்துவிட்டார். கள்ளச்சாவி இருந்தால் பூட்டு எதற்கு என்று கேட்டாராம். அடுத்து, ஒரே ஒரு லாக்கரில் ஆள் இருந்தாலும் புதுப்பிக்க மறுக்கும் அந்தச் சோதனை வரியை எழுதினார். லாக்கரில் இருப்பது சாமான் இல்லை, மானம் என்பார்.

இப்போது இறக்கி வைத்திருந்த புதுப் பதிப்பு, கணக்கைப் பெட்டிக்கு வெளியே, டிஸ்க்கில் எழுதும். ஒரே ஒரு தடவை மாற்றிவிட்டால் போதும், அதற்கப்புறம் எத்தனை முறை நிறுத்தி எழுப்பினாலும் கதவுகள் திறக்காது. அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்தது இதற்குத்தான். அறுபத்தொன்று மட்டும் காலியாகவில்லை.

அடுத்த தண்ணீர் மாற்றும் நாளுக்குள் அவர் போய்விட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் ஒரு பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு பழைய செருப்பு, ஒரு புதுச் செருப்பு. எங்கோ மாறிப்போயிருக்கும் என்று நர்ஸ் வருத்தப்பட்டார். மாறவில்லை என்றேன்.

கொஞ்ச நாள் கழித்துக் குளத்தின் மேலாளர் கூப்பிட்டார். மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரி சாகப் போகிறதாம். புதியது வரத் தாமதமாகுமாம். ஆட்கள் குளிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் பெட்டி விழும், எழும்போது எல்லாக் கதவும் திறக்கும். மறுபடியும் அந்தச் சவுரி நாள் வேண்டாம் என்றார். அப்பாவின் ஸ்கிரிப்ட் என்னைத் தவிர யாருக்கும் புரியவில்லை. வருகிறேன் என்றேன்.

தண்ணீர் மாற்றும் நாளில் போனேன். நாற்காலி காலியாக இருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு அந்த உயரம்தான் பழக்கம். கட்டளையைத் தட்டினேன்.

61-ல ஆள் இருக்கார். பொறு.

துண்டு கொடுக்கும் அக்காவிடம் போய், அறுபத்தொன்று யாருடையது என்று விசாரித்தேன். குளத்தில் எல்லோருக்கும் அவர் துண்டக்காதான். மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தார்.

“உங்கப்பாவோடது பாப்பா.”

பிறகு முழுவதும் சொன்னார். அத்தையின் நீச்சல் தொப்பி தண்ணீரில் மிதந்திருக்கிறது. அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. இத்தனை வருஷம் குளத்தில் வேலை பார்த்தும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. கரையில் படுத்துக் கையை நீட்டி எடுத்திருக்கிறார். தொப்பி வந்தது, கைப்பட்டை கழன்று வடிகாலில் போனது. அதைப் பார்த்தது துண்டக்கா மட்டும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். திறக்கும் கட்டளையை எடுத்தவரே மேலாளரிடம் போய், என் லாக்கரை உடையுங்கள் என்று எப்படிக் கேட்பார்? வடிகால் வலையைத் தினமும் துழாவிக்கொண்டிருந்தாராம்.

கொஞ்ச நாளில் அறுபத்தொன்றின் பக்கம் நாற்றம் கிளம்பியிருக்கிறது. வடிகால் கோளாறு என்று அப்பாவே மேலாளரிடம் சொன்னார். குழாய்க்காரர் வந்து தரையை உடைத்துப் பார்த்தார். குழாய் சுத்தமாக இருந்தது. பல்லி செத்திருக்கும் என்றார் அப்பா. அந்தப் பல்லிக்கு வாரம் ஒரு வாசனைக் கட்டி தொங்கவிட்டார்.

“பூட்டு சார் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவரு. அதான் ஒண்ணுகூட நிக்கல,” என்றார் துண்டக்கா.

திரும்பி வந்து வாளியில் உட்கார்ந்தேன். ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். சோதனை வரி ஒரே வரிதான். அதை எடுப்பது எனக்கு ஒரு நொடி வேலை. விரல் போகவில்லை. அவர் தன் சாப்பாட்டு நேரத்தை எல்லாம் வடிகாலில் கழித்தது இந்த ஒரு வரியை எடுக்க மனமில்லாமல்தான்.

அத்தைக்குப் போன் செய்தேன். அந்தச் சோதனை வரியே அவள் சவுரிக்காக வந்தது, அவளைக் கேட்காமல் எடுப்பது சரியில்லை என்று தோன்றியது. தொப்பி விஷயத்தையும் சொன்னேன். நான் வர்றேன், அதுவரைக்கும் எதையும் தொடாதே என்றாள்.

வந்தாள். உடைந்த தரையையும் வாசனைக் கட்டியையும் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

“எந்தக் காலத்துலயும் இவனுக்கு ஒழுங்கா ஒரு கதவைச் சாத்தத் தெரியல, திறக்கவும் தெரியல,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என் மானம் போனது போனதுதான். அவனோடது போக வேண்டாம்.”

துண்டக்காவிடம் இருந்ததிலேயே பெரிய துண்டைக் கேட்டு வாங்கினாள். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையைத் துண்டக்கா. அறுபத்தொன்றுக்கு முன்னால் திரை போல விரித்துக்கொண்டு இரண்டு பேரும் முகத்தைத் திருப்பி நின்றார்கள். குளத்தில் வேறு யாருமே இல்லை. மேலாளர் தூரத்தில் நின்று எங்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

சோதனை வரியை எடுத்தேன். பழைய பெட்டியை நிறுத்தினேன். புதியதை எழுப்பினேன்.

எல்லாக் கதவும் ஒரே சத்தத்தில் திறந்தன. அப்பா பயந்த சத்தம் அதுதான். இவ்வளவு சின்னச் சத்தம் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த நொடி துண்டு மூக்குக்குப் போனது. திரை இல்லை, மானம் இல்லை, இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அறுபத்தொன்றில் இருந்தது அப்பாவின் டிபன் பாக்ஸ். பட்டை போன நாளின் மதியச் சாப்பாடு. மூடியைத் திறக்க நான் துணியவில்லை. உள்ளிருந்ததே அதைப் பாதி திறந்திருந்தது.

அதன் பின்னால், கைக்குட்டையில் சுற்றி, அம்மாவின் மூக்குக் கண்ணாடி. காதில் மாட்டும் காம்பு ஒன்று தனியாக.

அது எனக்குத் தெரிந்த கண்ணாடிதான். அப்பா சோபாவில் அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் கண்ணாடிக் கடை இருக்கிறது, மதியமே சரிசெய்து கொண்டுவருகிறேன் என்று எடுத்துப் போனார். மதியத்துக்குள் பட்டை வடிகாலில். வீட்டில் அவர் சொன்னது வேறு: கடைக்காரரிடம் பார்ட் இல்லை, வெளியில் இருந்து வரவேண்டும், நாளைக்குத் தருகிறார். அம்மா பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அதில் அவளுக்குப் பாதிதான் தெரியும். டிவிக்கு நேராக மூக்கை வைத்து உட்காருவாள். எங்களுக்குத் தெரிவது அவள் பின்னந்தலை மட்டும். மாடிப்படியில் காயப்போட்ட கோட்டுக்கு ஒருநாள் வணக்கம் சொன்னாள். பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லையே, திமிரு பிடிச்ச மனுஷன், என்றும் சொன்னாள். கடைக்காரர் மேல் இருந்த கோபத்தில் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை.

சோதனை வரியை இன்னும் திரும்ப எழுதவில்லை. ஸ்கிரிப்ட்டை இன்னொரு தடவை ஓட்டினேன். புதுப் பெட்டி மறுபடி நின்றது, எழுந்தது. இந்தத் தடவை திறந்திருந்த கதவு திறந்திருந்தது, துண்டக்கா சோதனைக்குப் பூட்டி வைத்த கதவு பூட்டியிருந்தது. திரையில் வந்தது:

முடிஞ்சது. போய் டீ குடி.

சோதனை வரியைத் திரும்ப அதன் இடத்தில் எழுதிவிட்டுப் போய்க் குடித்தேன். கண்ணாடிக் கடைக்குப் போனபோது சாத்தியிருந்தது.

வீட்டுக்கு வந்து டிபன் பாக்ஸைக் கொல்லையில் தேய்த்தேன், திரும்பத் திரும்ப. அலமாரியில் அதன் இடத்தில் வைத்தேன். அம்மா அதைத் தாண்டிப் போய்த் தண்ணீர் எடுத்தாள். பழைய கண்ணாடியில் அது தெரியவில்லை.

டிவிக்கு முன்னால் உட்கார்ந்தபடி கேட்டாள்.

“அந்தப் பக்கம்தானே போனே. கண்ணாடிக் கடைக்காரன் என்ன சொல்றான்?”

“பார்ட் இன்னும் வரலையாம்மா. நாளைக்குத் தர்றானாம்.”

“உங்கப்பா கிட்டயும் இதையேதான் சொன்னான்,” என்றாள் பின்னந்தலை. “அந்த மனுஷனும் எத்தனை தடவைதான் நடந்திருப்பாரு, பாவம்.”

கண்ணாடி என் பையில் இருந்தது. காம்பு தனியாக, கைக்குட்டையில்.