பூட்டுறேன் என்றால் மாடு வரும்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடையில் போய், "ஒரு டின் ஒயில் குடுங்க" என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒயிலாட்டமுங்களா? அது கீழ, மாரியம்மன் பண்டிகைக்குத்தானுங்க. இங்க யாரும் ஆடறதில்லீங்க." எனக்கு ஆட வராது, எஞ்சினுக்கு ஊற்றத்தான் கேட்கிறேன் என்று விளக்குவதற்குள் வேடிக்கை பார்க்க நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். "அட, ஆயிலுங்க!" என்று கடைசியில் அவரே கண்டுபிடித்து, பாவப்பட்டு ஒரு டின்னை எடுத்துக் கொடுத்தார். இலங்கையில், ஹட்டனில் இருக்கும் என் சொந்தங்களே, என்னைப் போலக் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர்களே, அங்கே சிங்களம் தெரியாமல் விழித்ததில் ஒரு நியாயம் இருந்தது. தமிழ்நாட்டுக்கு வந்து தமிழில் விழிப்பதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது நிறையவே இருந்தது.

குற்றம் என் நாக்கினுடையது. ஹட்டன் கராஜில் நான் வேலை பழகியபோது அங்கே இரண்டு யாழ்ப்பாணத்தாரும் ஒரு சிங்கள பாஸும் இருந்தார்கள். பாஸ் என்றால் அங்கே கைத்தொழில் தெரிந்த மேஸ்திரி. ரோட்டு வளைவில் தேயிலை பேக்டரி இருந்த ஒரு தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்த என் தமிழோடு அவர்கள் சொற்களெல்லாம் கிரீஸ் மாதிரி ஒட்டிக்கொண்டன. அந்த நாக்கோடு நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு வேலை கேட்டு வந்து நின்றேன். "சிலோன்ல என்ன பண்ணீட்டு இருந்தீங்க?" என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சூசை கேட்டார். "பாஸ்" என்றேன் பெருமையாக. "எது வரைக்கும்?" "எஞ்சின் வரைக்கும்." இஞ்சினியரிங் பாஸான ஆள் வந்திருப்பதாக மறுநாள் எஸ்டேட் முழுக்கப் பேச்சு. நான் மறுத்தேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்படித்தான் முதலாளியின் பழைய அம்பாசிடர் என் தலையில் விழுந்தது. புகை கக்கி, ஆயில் குடித்து, ஏற்றத்தில் நின்றுபோய், கோழிகள் அடையும் இடமாகிவிட்ட கார். ரைட்டர் சொன்னார்: "இந்தக் காரு மலையேறி வந்துச்சுன்னா நீங்க எஸ்டேட்டு மெக்கானிக்குங்க. இப்பத் தங்கியிருக்கற ஊடும் உங்களுக்குத்தான். ஏறலீன்னா, மறுக்கா மில்லுக்கே போயிருங்க." மில் என்றதும் என் மனைவி தங்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கப்பலில் வந்திறங்கியதும் எங்களுக்கு முதலில் கிடைத்தது கீழே ஒரு நூற்பாலை வேலைதான். பஞ்சுத் தூசியில் அவள் நெஞ்சு சீழ்க்கையடிக்கத் தொடங்கி, பேச ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் போனது. மலைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சும் வந்தது, என்னைத் திட்டும் பழைய வேகமும் வந்தது. அந்தத் திட்டைக் காப்பாற்றியாக வேண்டும்.

எஞ்சினைச் சேலத்துக்கு அனுப்பி, லேத்தில் கடைந்து, கிராங்கும் பிஸ்டனும் மாட்டிய பிளாக்காகத் திரும்ப வாங்கினோம். நாங்கள் ஷோர்ட் ப்ளொக் என்போம். இங்கே 'ஆப் எஞ்சின்'. குடோனில் காப்பி மூட்டை நிறைந்திருந்ததால் அந்தப் பாதி எஞ்சின் என் வீட்டு முன்னறையில் குடியேறியது. மீதிப் பாதியை நான் கட்டி எழுப்ப வேண்டும். டைமிங் செயின் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில், ராக்கர்கள் சாமி படத்துக்குக் கீழே. "இன்னிக்கு வால்வு அரைக்கணும்" என்றேன். "மிளகா அரைச்சேன், மாவு அரைச்சேன், இனி இது வேறயா?" என்றவள், நான் இரண்டு வால்வை அரைத்த அழகைப் பார்த்து, வால்வை உருட்டும் குச்சியைப் பிடுங்கிக்கொண்டாள். மோர் கடைவது போல உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி அவள் அரைத்த வால்வுகளில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம், ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. என் இரண்டும் கசிந்தன. அவற்றையும் அவளே திரும்ப அரைத்தாள், தேவையான வசனங்களோடு.

வால்வுகள் மாட்டிய ஹெட்டைப் பிளாக்கின் மேல் உட்காரவைத்து நட்டுகளை முறுக்கும்போதெல்லாம் ஹட்டன் பாஸின் குரல் காதில் கேட்டது. "ஹெமின், ஹெமின்" என்பார். மெல்ல, மெல்ல என்று அர்த்தம். அவசரக்காரனான எனக்கு அவர் சொன்ன சிங்களத்தில் முக்கால்வாசி அதுதான். நடுவிலிருந்து தொடங்கி, வெளியே போய், மறுபடி நடுவுக்கு வந்து, ஹெமின். முடித்தபோது தரையில் ஒரு வாஷர் மிஞ்சிக் கிடந்தது. அது கடைக்காரர் கூடுதலாகப் போட்டது என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

இனி எஞ்சினைக் காருக்குள் இறக்க வேண்டும். வாழவந்திக் கிராமத்துக் காளிக்கவுண்டர் எங்களுக்குக் கேழ்வரகு கொண்டுவருபவர், பலசாலி. "நாளைக்குக் காலையில காரைப் பூட்டுறேன், வந்து ஒரு கை குடுங்க" என்றேன். அவர் ஒரு நிமிடம் யோசித்து, "சரீங்க" என்று போனார். மறுநாள் காலை வாசலில் மணிச்சத்தம். கவுண்டர் நிற்கிறார், தோளில் நுகத்தடி, பின்னால் இரண்டு காளைகள்.

"ஏனுங்க, பூட்டறதுன்னீங்க. மாடு வந்துருச்சு. காரு எங்கீங்க?"

எங்கள் கராஜில் பூட்டுவது என்றால் பொருத்துவது. இங்கே கதவைப் பூட்டுவார்கள், இல்லையென்றால் மாட்டைப் பூட்டுவார்கள். எஞ்சின் தேறாததால் காரை மாட்டுவண்டி ஆக்கப்போகிறேன் என்று முடிவுகட்டி, மனுசர் விடியுமுன்னே மாட்டை ஓட்டி வந்திருக்கிறார். ரைட்டர் சூசை வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இஞ்சினியரு பிளான் நொம்ப பெருசா இருக்குதுங்களே! ஹாரனும் மாடே அடிச்சுக்குமா?" தங்கம் சிரிக்கவில்லை. மாடுகளைப் பார்த்தாள், பக்கத்துப் பலாமரத்தைப் பார்த்தாள். "கிணத்துக் கப்பியக் கழட்டிக் கிளையில கட்டுங்க. இழுக்கத்தான் ஆளு வந்துருச்சே" என்றாள்.

கயிறு கப்பியில் ஏறியது, காளைகள் முன்னே நடந்தன, எஞ்சின் பலாக்காய் போலத் தொங்கியது. நாலு பேர் காரைத் தள்ளி அடியில் நிறுத்தினோம். இனி எஞ்சின் இறங்கக் காளைகள் பின்னால் வர வேண்டும். அவை எந்தக் காலத்தில் பின்னால் நடந்தன? "வா சாமி, பொறகால வா கண்ணு" என்று கவுண்டர் கெஞ்சினார். ஒன்று வந்தது, மற்றது முகத்தைத் திருப்பிக்கொண்டது. எஞ்சின் என் தலைக்கு மேல் ஊசலாடியது. பயத்தில் என் வாயிலிருந்து தானாக வந்தது: "ஹெமின்! ஹெமின்!" அந்தக் காளை காதை ஆட்டியது, ஓரடி பின்னால் வைத்தது. இன்னோர் அடி. எஞ்சின் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. "அட, மாட்டுக்குச் சிலோன் பாசை தெரியுதுங்கோ!" என்று கவுண்டர் கூவினார். இந்த மலையில் என் பேச்சை முதல் தடவையிலேயே புரிந்துகொண்டது அந்தக் காளைதான்.

மற்றதெல்லாம் மாட்டி முடித்து, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினேன். ஒரு தும்மல், கறுப்புப் புகை, பிறகு அந்தச் சத்தம்! காளைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு நாகலூர் ரோட்டில் ஓட, கவுண்டர் பின்னால் ஓட, நானும் தங்கமும் பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம்.

பரீட்சை மறுநாள். முதலாளி முன் சீட்டில், தங்கம் பின்னால். அடிவாரத்துக்கு இறங்கி, வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, வண்டி எங்க போவுதுங்க?"

"ஊட்டுக்குங்க" என்றேன்.

நாக்கு தானாகச் சொன்னது. கேட்டவருக்கு அது சட்டென்று புரிந்ததில் எனக்கே ஆச்சரியம். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் கார் பாடிக்கொண்டே ஏறியது. முதலாளி பாதி மலையிலேயே, "நாளையிலிருந்து ஜீப்பையும் பாத்துருங்க, மெக்கானிக்" என்றார். அதற்கு மேலே மூடுபனி இறங்கிக் கண்ணாடியை மறைத்தது. பின்னாலிருந்து தங்கம், நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லாமல், தெளிவாகச் சொன்னாள்: "பாத்துப் போங்க. அடுத்த வளைவுல தேயிலை பேக்டரி, லொறி வெளிய வரும்."

முதலாளி திரும்பி அவளை விநோதமாகப் பார்த்தார். சேர்வராயன் மலையில் அந்த வளைவில் எந்தத் தேயிலை பேக்டரியும் இல்லை. ஆனால் என் கால் அதற்கு முன்னாலேயே பிரேக்கில் இருந்தது.