கூடவே வீட்டுக்கு வந்த குளிசை

1986ஆம் ஆண்டு மாரிகாலம். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்டில் குடியிருந்தோம். என் கணவருக்குப் பித்தப்பையில் கல் என்று ஒப்பரேஷன் செய்தார்கள்.

கத்தி வைத்தது சரியாகத்தான் போனது. பிறகுதான் காய்ச்சல் ஏறி, மனுசன் தடுமாறிவிட்டார். "ஆமி படியேறுது, பிள்ளையளை ஒளிச்சு வையும்" என்று கத்தி, கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைனைப் பிடுங்கி எறிந்தார். ஆளை அடக்க ஒரு மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கத் தெளிவும் வந்தது. "ஒப்பரேஷன் உமக்கோ எனக்கோ? முகத்தைப் பாரும்" என்று எனக்குப் பகிடி விட்டார். அதற்குப் பிறகு அவர் வாயில் ஒரு பகிடி வரவில்லை.

வீட்டுக்கு விடும்போது அந்த அடக்கும் மருந்தும் குளிசையாகக் கூடவே வந்தது. முடிய முடிய எங்கள் குடும்ப டொக்டர் திரும்ப எழுதித் தந்தார். பெரியாஸ்பத்திரியில் தொடங்கியதில் அவர் கை வைக்கமாட்டார். நாங்களும் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் முந்நூற்றிநாலு விளையாட ஆட்கள் கூடுவார்கள். சீட்டுக்கு வருவதைவிட இவருடைய வாய்க்கு வருபவர்கள்தான் அதிகம். இப்போதோ சீட்டைப் பிடித்தபடி இருப்பார், இறக்கமாட்டார். இமைக்கவும் மறந்த முகம். நடந்தால் கால் தரையோடு இழுபடும்.

"அண்ணை, துரும்பை அடைகாத்தது காணும், இறக்குங்கோ" என்று சீண்டிப் பார்ப்பார்கள். பிறகு குசினிக்குள் சமைத்துக்கொண்டிருக்கும் என்னிடம் வந்து, "பாவம் அக்கா, ஊரிலை பட்டதுகள் ஆளை உள்ளுக்கை தின்னுது" என்பார்கள்.

நானும் அதைத்தான் நம்பினேன். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்ததுகளில், பேச்சடங்கிப்போன ஆள் ஒன்று இல்லாத வீடு ஏது? கோயிலில் நூல் கட்டினேன், நேர்த்தி வைத்தேன். இரண்டு மாரி போய்விட்டது.

ஒருநாள் எங்கள் டொக்டர் லீவு. அவருக்குப் பதிலாக இருந்த இளம் பெண் டொக்டர் இவருடைய கையை மடக்கிப் பார்த்தார். வழுக்குகிற சைக்கிள் செயின் போல விட்டுவிட்டு மடங்கியது.

"இவருக்கு முந்தி மனநோய் ஏதும் இருந்ததா?"

"இல்லை, பித்தப்பைக் கல்தான்" என்றேன் தெரிந்த இங்கிலிஷில்.

பேனையைக் கீழே வைத்துவிட்டார். "காய்ச்சல் குழப்பத்துக்குக் கொடுத்த மருந்து இது. குழப்பம் தீர்ந்தவுடனேயே நிறுத்தியிருக்கவேண்டும்" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். கால் ஓரளவு தூக்கி நடந்தார். ஆனால் வாய் சும்மா மென்றுகொண்டே இருக்கத் தொடங்கியது, நாக்கு வெளியே வந்து வந்து போனது. மருந்து விட்டுப்போன வினை அது, மாறுவது அருமை என்றார்கள். மருந்தில் கிடந்தபோது அவருக்கு வெட்கம்கூடத் தெரியவில்லை. தெளிந்த பிறகு அதுவும் வந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்த நாளிலிருந்து, யாராவது கதவைத் தட்டினால் அறைக்குள் போய்விடுவார். சனிக்கிழமை ஆட்களும் மெல்ல மெல்ல நின்றுபோனார்கள்.

மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் சனம் அதை விருந்தாளிகளைக் கிண்டலடிக்கத்தான் சொல்லும், மருந்தைப் பார்த்து ஒருவரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியால் திரும்பிவந்த யாரையும் பார்க்க நான் போனால், மேசையில் இருக்கும் குளிசைப் போத்தலை எடுத்து, "இது என்னத்துக்கு, எவ்வளவு நாளைக்கு எண்டு டொக்டரைக் கேளுங்கோ" என்கிறேன். அவர்களுக்கு அது ஒரு வார்த்தை. நான் வீடு திரும்பினால், சாத்திய அறைக்குள்ளே ஒன்றுமில்லாததை மென்றுகொண்டு ஒரு மனுசன் இருப்பார், அவருக்குச் சொல்ல என்னிடம் எந்தப் பழமொழியும் இல்லை.