மேல் நட்டு கழலவில்லை

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல எப்போதும் பறப்பதால் அவருக்கு வெந்நீர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிக்கப் வண்டியில் லோடு அடிப்பது தொழில். கயிறு கட்டி முடிப்பதற்குள் இன்ஜினைக் கிளப்பிவிடுவார். கட்டுகிறவர் கையைக் காப்பாற்றிக்கொள்வது அவரவர் சாமர்த்தியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தையல் மெஷின்களைக் கடையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே முதுகு ஒடியத் தைத்தவளுக்கு ஒருவழியாகச் சந்தைத் தெருவில் இடம் அமைந்திருந்தது. ஐந்து மணிக்குள் சாமான் வந்தால் சாவி, இல்லையென்றால் அடுத்து காத்திருப்பவருக்கு என்று கடைச் சொந்தக்காரர் முகத்திலடித்தாற்போலச் சொல்லியிருந்தார்.

சாயங்காலம்வரை சும்மா இருந்தால் அவர் வெந்நீரா? பின் அச்சில் கொஞ்ச நாளாக ஊளைச் சத்தம். அச்சின் நடுவே பல்சக்கரங்கள் சுழலும் டிஃபரன்ஷியலில் ஆயிலை மாற்றினால் வண்டி வழியில் மக்கர் பண்ணாமல் போகும் என்று வண்டிக்கடியில் புகுந்தார். கீழ் நட்டைக் கழற்றினார். கறுத்த ஆயில் பிளாஸ்டிக் டப்பாவில் இறங்கியது. அதுவரை சுபம். புது ஆயில் ஊற்றும் மேல் நட்டில் ஸ்பேனரை வைத்தார், அசையவில்லை. குழாயைச் செருகி நெம்பினார். நட்டின் முனைகள் மழுங்கியதுதான் மிச்சம். பழைய ஆயில் வெளியே, புது ஆயில் உள்ளே போக வழியில்லை. அப்படியே ஓட்டினால் உள்ளே பல்சக்கரம் பொடியாகிவிடும். சாமானை ஏற்ற வேறு வண்டி கேட்கலாமென்றால், மற்ற வண்டிக்காரர்கள் ஒருவரும் போனை எடுக்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடலாமென்றால், இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று போன மாதம்தான் அவரிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தார்.

மனைவி வந்து பார்த்தாள். கத்தவில்லை.

"கடை போயிடுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"போனாலும் போயிடும். நான்தான் கெடுத்துட்டேன்."

அவளே மெக்கானிக்குக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அந்த மனிதர் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகுதான் பேச்சு வந்தது.

"அண்ணி, ஊத்துற நட்டு கழலுதான்னு பாத்துட்டுத்தான் வடிக்கிற நட்டுல கை வைக்கணும். சரி விடுங்க. அச்சு மேல சின்னதா ஒரு காத்துக்குழா இருக்கும். அதைக் கழட்டிட்டு அந்த ஓட்டை வழியா விடுங்க. வடிஞ்ச அளவு உள்ள போனா இன்னைக்கு ஓட்டலாம். மெதுவாத்தான் இறங்கும்."

வடிந்த ஆயிலின் உயரத்தை அவள் நாடாவால் அளந்தாள். அதே மாதிரி வேறொரு டப்பாவில் தையல் சாக்பீஸால் கோடு கிழித்து, அதுவரை புது ஆயிலை நிரப்பினாள். வெந்நீர் கீழ் நட்டை இறுக்கி மூடிவிட்டு, காற்றுக்குழாயைக் கழற்றி, சாஸ் பாட்டிலில் ஆயிலை எடுத்து அந்த ஓட்டையில் ஒரே அமுக்காக அமுக்கினார். பாதி அவர் மூஞ்சியிலேயே திரும்பி வந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாயை விரித்து அவளும் வண்டிக்கடியில் வந்து படுத்தாள். சிந்திய அளவுக்குப் புது ஆயிலை டப்பாவில் சேர்த்து, பாட்டிலை அவளே பிடித்துச் சீராக அமுக்கினாள். அவர் விளக்கைப் பிடித்தார்.

ஆயில் இறங்க இறங்க அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் விழும் பக்கம் மெஷின், சுவரில் ஆளுயரக் கண்ணாடி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. இத்தனை ஆசையையும் இவள் எங்கே வைத்திருந்தாள் என்று அவர் மலைத்துப்போனார். சொல்லித்தான் இருப்பாள். நின்று கேட்டால்தானே? வெட்கமாக இருந்தது அவருக்கு.

டப்பா காலியாயிற்று. மெஷின்களை ஏற்றி, கயிறு கட்டி முடித்த பிறகே வண்டி கிளம்பியது. கடைச் சொந்தக்காரர் வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஐந்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. சாவியை நீட்டினார்.

வழக்கம்போல வெந்நீரின் கைதான் முந்திக்கொண்டு போனது. பாதியில் இழுத்துக்கொண்டார்.

"நீயே தொற."

துரு ஏறிய பூட்டு. அவளுக்குச் சாவி சரியாக விழவில்லை. திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஷட்டர் மேலேறும்வரை அப்படியே நின்றார்.