மஞ்சள் பூசிய எலும்பு

எனக்குப் பத்து வயது. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வீட்டில் இருந்தோம். அம்மாவின் தம்பி பகாங் காட்டிலிருந்து மரம் ஏற்றிவரும் லோரி ஓட்டினார். ஒருநாள் தேங்காய் அளவில் ஒரு சிவப்புக் கல்லை என் மடியில் வைத்தார். மலையை வெட்டிப் பாதை போட்ட இடத்தில் கிடைத்ததாம்.

கல்லின் ஒரு பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ புதைந்திருந்தது. அடிக்கோலால் அளந்தேன்: பதினொரு சென்டிமீட்டர். முனை உருண்டு, நடு ஒடுங்கி, உடைந்த இடத்தில் நுண்துளைகள். ஞாயிறுதோறும் ஆட்டுக்கறி தின்றவளுக்கு இதுகூடவா தெரியாது? ‘எலும்பு’ என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். அம்மாவிடமும் சொல்லித் தொலைத்தேன்.

“எந்தச் சுடுகாட்டு எலும்போ! வெள்ளிக்கெழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கான் பாரு.”

“கல்லுதான் லா அக்கா.”

“கல்லுன்னா ஆத்துல கெடக்கட்டும். சாயங்காலம் நீயே போட்டுட்டு வா.”

தோட்டத்தில் யாரும் தூக்கியெறியத் துணியாத கல் ஒரு வகைதான் உண்டு. அம்மா குளிக்கப் போன நேரத்தில் கல்லைத் தூக்கிக்கொண்டு முனியாண்டி மரத்தடிக்கு ஓடினேன். அங்கிருந்த மஞ்சளைக் குழைத்துக் கையாலேயே முழுக்கப் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்து, எலும்புள்ள பக்கத்தை மரத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். ஒரு வாரம் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

மாமா கல்லைத் தேடி வந்தார். வழியில் என்னைப் பார்த்து, “மொதல்ல கைய சோப்புப் போட்டுக் கழுவு” என்றார். பிறகு மரத்தடிக்குப் போய், செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். வீட்டில், “ஆத்துல போட்டாச்சுக்கா. முனியாண்டிக்குப் பக்கத்துல புதுசா ஒரு சாமி வந்திருக்கே, பாத்தியா?” என்றார்.

அம்மா அன்றே சூடம் கொளுத்தினார். மறுநாள், தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோரின் மனைவி எலுமிச்சை வைத்தார். ஒரு வாரத்தில் சூலமே வந்துவிட்டது. எடுக்க நீண்ட என் கையை அம்மா தட்டிவிட்டார். “சாமியத் தொடாதடி!”

பகாங்கின் உட்பகுதிச் சிவப்புப் பாறைகளில் டைனோசரின் பற்களும் எலும்புகளும் கிடைத்திருப்பதாகப் பின்னாளில் படித்தேன். என் கல்லுக்கு இப்போது தகரக் கூரை இருக்கிறது; மஞ்சள் விரற்கடை கனத்துக்கு ஏறியிருக்கிறது. யாரும் சுரண்டிப் பார்க்க விடமாட்டார்கள். ‘எலும்பு’ என்று எழுதியதை நான் இன்றுவரை திருத்தவில்லை.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அன்றைய பக்கத்தில், ‘மாமா கையைக் கழுவச் சொன்னார்’ என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரி: ‘மாமா நன்றாக ஏமாந்தார்.’ இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.